பட்டியலில் ஏழாவது சொல்

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் சோள ரொட்டி பதினாறு தட்டினேன். ரயில்வே பட்டறைக்குப் போகும் இவருக்கு ஆறு, மகள் ஸ்பூர்த்திக்குப் பள்ளிக்கு இரண்டு, மிச்சம் வீட்டுக்கு. மாவுக் கையோடு வித்யாநகருக்கு ஓடியும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். பதினோரு பேரில் நாற்பதைத் தொட்டவள் நான் ஒருத்திதான். பாடம் நடத்தும் மேகனாவுக்கு இருபத்தாறு. நான் மேடம் என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

"மேடம் வேண்டாம் அக்கா. நீங்க கூப்பிட்டா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

இன்று ஆளுக்கொரு பயிற்சி மெஷின் கொடுத்தாள். மெஷின் என்றால் இரும்பு இல்லை. நம் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். கற்றுக்கொள்கிறவர்கள் உடைத்துப் பார்க்கவென்றே வேண்டுமென்று ஓட்டைகள் வைத்துச் செய்தது. உள்ளே இரண்டு கொடிகளை ஒளித்திருக்கிறாள். கொடி என்றால் ஒரு வரி எழுத்து. சின்னக் கொடி சாதாரண ஆளின் அறையில், பெரிய கொடி எஜமானன் அறையில். இரண்டையும் எடுத்து, எப்படி எடுத்தோம் என்று அறிக்கை எழுதி, மார்ச் ஐந்துக்குள் கொடுக்க வேண்டும்.

கூடவே ஒரு காகிதம். "கஸ்தூரி அவர்கள் என் மெஷினைச் சோதிக்க அனுமதிக்கிறேன்" என்று அவள் கையெழுத்துப் போட்டது. உன் மெஷின்தானே, இது எதற்கு என்றான் ஒருவன். "கடிதம் இல்லாம கை வச்சா அதுக்குப் பேரு சோதனை இல்ல, திருட்டு. பழக்கம் வரட்டும்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "உடைக்கிறதுக்கு எதுக்கு கிளாஸு? போன மாசம் மிக்சியை நீ சும்மாவேதானே உடைச்சே?"

பிப்ரவரி 6, செவ்வாய்

மானம் போயிற்று.

முதல் வேலை, மெஷின் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வீட்டு வைஃபையில் தேடினேன். ஒரு முகவரி பதில் சொன்னது. கதவு கதவாகத் தட்டினேன் (கம்ப்யூட்டருக்குள் போகும் வழிகளுக்கு போர்ட் என்று பெயர், எனக்குக் கதவு என்றால்தான் புரிகிறது). தட்டிக்கொண்டே இருந்தேன். கூடத்திலிருந்து இவர் கத்தினார்.

"கஸ்தூரி! கடைசி ரெய்டுலே கபடி நின்னு போச்சு! டிவி செத்துருச்சு!"

நான் தட்டிக்கொண்டிருந்தது எங்கள் டிவியை.

"என்கிட்டே கையெழுத்து வாங்கினியா?" என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பூர்த்தி ஒரு காகிதத்தில் "இந்த வீட்டு டிவியை அம்மா தொடக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

பிப்ரவரி 8, வியாழன்

மெஷினைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்கும் பூட்டு. மற்றவர்கள் சின்னக் கொடி எடுத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஏன் இந்த வகுப்பில் சேர்ந்தீர்கள் என்று முதல் நாள் மேகனா எல்லாரையும் கேட்டாள். எல்லாரும் வேலைக்கு என்றார்கள். நானும் வேலைக்கு என்றேன். பொய்.

இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. ஒன்பது வருடம் ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டரில் இருந்தேன். போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு மெயிலைத் திறந்தேன். கூரியர் ரசீது என்று போட்டிருந்தது. மத்தியானம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் சிவப்புத் திரை. நோயாளிகளின் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் யாரோ பூட்டிவிட்டார்கள். திறக்க வேண்டுமென்றால் கேட்டதைக் கொடு என்று மிரட்டல். கொடுக்கவில்லை. ரிப்போர்ட்டுகள் திரும்பி வரவும் இல்லை.

கலகட்கியிலிருந்து வந்த ஒரு பெண். மார்பில் கட்டி. ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவு அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவளை மறுபடி கூட்டி வந்து மறுபடி குத்தினார்கள். என் கவுண்டரைக் கடந்துதான் போனாள். "ஏன்க்கா இன்னொரு தடவை?" என்று என்னைத்தான் கேட்டாள்.

சூப்பரின்டெண்ட் டாக்டர் இனாம்தார் எல்லாரையும் நிற்க வைத்து, "அன்னிக்கு மெயில் திறந்தது யாரு?" என்றார். நான் கை தூக்கினேன். அவ்வளவுதான் விசாரணை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. பத்தாவது நாள் வேலை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருடன் என் வழியாகத்தான் வந்தானா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். திருடன் எப்படி வருவான் என்று தெரியாமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குத்தான் இந்த வகுப்பு.

பிப்ரவரி 15, வியாழன்

என் முட்டாள்தனம் புரிந்தது. வழக்கமான ஆயிரம் கதவை மட்டும் தட்டிவிட்டு ஒன்றுதான் திறந்திருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். மொத்தம் அறுபத்தைந்தாயிரம் கதவாம்! முழுவதையும் தட்டியதும் இன்னொன்று அகப்பட்டது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன இணையப் பக்கம்: ஒரு பேடா கடையின் பக்கம், தார்வாட் பேடா படத்தோடு. மேகனா வேலை. பக்கத்தின் அடியில், வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வரிக் குறிப்பு: "சங்கண்ணா, பாஸ்வேர்டை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஆக, உள்ளே இருக்கும் ஆள் சங்கண்ணா. சோம்பேறி. இப்போது அவன் பாஸ்வேர்டு மட்டும் வேண்டும்.

பிப்ரவரி 17, சனி

வகுப்பில் கொடுத்த பாஸ்வேர்டு பட்டியலில் ஒரு கோடிக்கு மேல் சொற்கள் இருக்கின்றன. உலகத்தில் எங்கெங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலையை லேப்டாப்பே செய்யும். இரண்டு நாளாக ஓடுகிறது. சூட்டில் பூனை வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் நீலவ்வா வந்தாள். கவுண்டரில் ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலி. ஆஸ்பத்திரியில் என்னோடு இன்னும் பேசுகிறவள் அவள் மட்டும். திரையில் ஓடும் சொற்களை எட்டிப் பார்த்தாள்.

"யவ்வா! என்னடி இது, எல்லாம் வெள்ளைக்காரன் காதலி பேரா இருக்கு?"

"பாஸ்வேர்டு பட்டியல்."

"நம்மூர்க்காரன் எவன்டி ஜெசிக்கான்னு வைப்பான்? நம்ம ஆளு சாமி பேரை வைப்பான், இல்லன்னா சாப்பாட்டு பேரை வைப்பான்."

சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது சரிதானே?

பிப்ரவரி 20, செவ்வாய்

உள்ளே போய்விட்டேன்!

காலையில் எல்லாரும் போனதும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே ஒரு பட்டியல் எழுதினேன். கோவில், குளம், ஊர், பேருந்து நிறுத்தம், பிள்ளை பெயர், தின்பண்டம். ஒவ்வொன்றின் வாலிலும் நம் ஜனங்கள் போடும் ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று. யோசிக்காமல் கை போன போக்கில். இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். லேப்டாப்பில் ஏற்றி ஓட விட்டேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. அறுபத்தோராவது சொல்.

கிர்மிட்123.

சங்கண்ணா, உனக்குக் கடை கிர்மிட்டின் பொரியும் வெங்காயமும் புளியும்தான் உயிரா! சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். அவன் அறையில் சின்னக் கொடி இருந்தது. மேகனாவுக்கு அனுப்பினேன். "அக்கா!!! கோடிச் சொல் பட்டியலை வச்சு யாராலயும் இந்த வழியா வர முடியல. எல்லாரும் வேற ஓட்டை வழியா வந்தாங்க. எங்கே பிடிச்சீங்க இந்தச் சொல்லை?" என்று பதில் போட்டாள்.

அறிக்கையில் சேர்க்கலாம் என்று காலண்டர் தாளை எடுத்து மேலிருந்து படித்தேன்.

ஏழாவது சொல். என் கையெழுத்துதான். யோசிக்காமல் எழுதியது.

அஜ்ஜ@123.

பிப்ரவரி 21, புதன்

அது ஆஸ்பத்திரியின் பாஸ்வேர்டு. கவுண்டர், லேப், மருந்துக்கடை, வெளியிலிருந்து டாக்டர்கள் வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் பார்க்கும் பக்கம், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி திறந்த நாளில் கம்ப்யூட்டர் பார்க்கும் மகாந்தேஷ், எங்கள் ஊர் மடத்து மகான் சித்தாரூட அஜ்ஜன் பெயரைச் சொல்லி வைத்தது. புதிதாகச் சேரும் ஆயாவிடம்கூட முதல் நாளே சொல்வோம். ஹுப்பள்ளியில் அஜ்ஜன் பெயரை எவன் மறப்பான்? அதுதான் வசதி என்று நினைத்தோம்.

எவன் மறப்பான். எவனுக்குத்தான் தெரியாது!

அப்படியானால் திருடனுக்கு என் மெயில் எதற்கு? வாசல் கதவே விரியத் திறந்து கிடந்ததே. நான் திறந்தது நிஜமாகவே கூரியர் ரசீதுதானோ? நாலு மாதம் அழுதது எதற்கு?

பதினொரு மணிக்கு ஒரு காரியம் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியின் அந்த வெளிப்பக்கத்தைத் திறந்தேன். கவுண்டர் இரண்டு, அது கம்ப்யூட்டரில் என் பழைய பெயர். கீழே அஜ்ஜ@123. எண்டரை மட்டும் தட்ட வேண்டும். இன்னும் மாற்றவில்லை என்றால் உள்ளே போகும். போனால் எனக்குத் தெரிந்துவிடும் இல்லையா? ஒரே தட்டு. யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு உரிமை இல்லையா? ஒன்பது வருஷம் உட்கார்ந்த கவுண்டரு, என் மேல விழுந்த பழி—

விரல் எண்டர் மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, அந்த வாசனையில்தான் எழுந்தேன். திரும்பி வந்தபோது திரையில் என் பழைய பெயரைப் பார்த்தேன். கடிதம் இல்லாமல் கை வைத்தால் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு மூடினேன்.

பிப்ரவரி 22, வியாழன்

வகுப்பு முடிந்ததும் மேகனாவிடம் எல்லாம் சொன்னேன். அக்டோபர், கலகட்கிப் பெண், ஏழாவது சொல், நேற்று. அவள் முதலில் கேட்டது இதுதான்.

"எண்டர் தட்டினீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"ஸ்பூர்த்தி மேல சத்தியமா."

மூச்சு விட்டாள். "தட்டியிருந்தா நானே உங்களை கிளாஸை விட்டு அனுப்பியிருப்பேன் அக்கா. அழுதுகிட்டே அனுப்பியிருப்பேன்." பிறகு, "நேரா ஆஸ்பத்திரிக்கே போய் சொல்லுங்க. வாசல் வழியா, பேரைச் சொல்லி" என்றாள்.

அந்த வாசலை மிதித்து நாலு மாதம் ஆகிறது.

பிப்ரவரி 26, திங்கள்

போனேன். இல்கல் சேலை கட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் தைரியம் வரும் என்று. கவுண்டரில் நீலவ்வா என்னைப் பார்த்ததும் ஒரு நோயாளியின் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டாள்.

டாக்டர் இனாம்தார் உட்காரச் சொன்னார். மகாந்தேஷும் அங்கே இருந்தான், பைலைப் பார்த்தபடி. பழைய கதை பேச வரவில்லை, பாஸ்வேர்டு இன்னும் அதேதானா என்று மட்டும் கேட்க வந்தேன் என்றேன். டாக்டர் மகாந்தேஷைப் பார்த்தார், அவன் பைலில் ஒரு பக்கம் புரட்டினான். அதேதான் என்று புரிந்துவிட்டது.

"மாத்துங்க சார். ஆளுக்கு ஒண்ணா மாத்துங்க."

"அஜ்ஜன் பேரை எடுக்கச் சொல்றியா? திறப்பு விழா அன்னிக்கு மடத்துலேர்ந்து பிரசாதம் கொண்டு வந்து வச்சுட்டு ஆரம்பிச்சது. அதை எடுத்துட்டு எதை வைக்க? ஊழியர்களே ஒத்துக்க மாட்டாங்க. அபசகுனம்பாங்க."

எங்கிருந்து வந்ததோ எனக்கு. "மடத்துலேயே கதவுக்குப் பூட்டு போடுறாங்க சார். அஜ்ஜன் இருக்கார்னு திறந்து போட்டுட்டுப் போறதில்லே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "திறந்தது நீ. இப்போ அஜ்ஜனைச் சொல்றே."

"நான்தானான்னு தெரியலை சார். அன்னிக்கு யார் எப்போ உள்ளே வந்தாங்கன்னு கம்ப்யூட்டர்லே கால்தடம் இருக்கும். அதைப் பார்த்தாங்களா?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டாச்சு" என்றான் மகாந்தேஷ். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆக, அழித்தாயிற்று. திருடன் என் வழியாக வந்தானா, அஜ்ஜன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தானா, எனக்கு இனித் தெரியப் போவதில்லை. பேருந்தில் சன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். உணகல் நிறுத்தம் வரை அழுதேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. ரொட்டியும் தட்டவில்லை. இவர் ரவையைப் போட்டு உப்பிட்டு கிண்டினார். கட்டி கட்டியாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அதையே தின்றார்.

மார்ச் 4, திங்கள்

பெரிய கொடி கிடைத்தது. கதை சின்னது. அந்த மெஷினில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எஜமானன் பெயரில் தானாக ஓடும் ஒரு வேலைக்குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பை சங்கண்ணாவும் திருத்தலாம் என்று விட்டிருந்தார்கள். "எஜமானன் அறையைச் சங்கண்ணாவுக்குத் திற" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் எஜமானனே திறந்துவிட்டான்.

நினைத்த அளவுக்குத் துள்ளவில்லை. ஆனால் அறிக்கை எழுதுவது பிடித்திருந்தது. எத்தனை மணிக்கு என்ன தட்டினேன், என்ன பதில் வந்தது, எப்படிச் சரி செய்யலாம். டிவியைத் தட்டியதையும் ஒளிக்காமல் எழுதினேன். ஒன்பது வருடம் பதிவேடு எழுதிய கை. மேகனா படித்துவிட்டு, "கொடியை யார் வேணாலும் எடுப்பாங்க அக்கா, இதை எழுதத்தான் ஆள் கிடைக்கிறதில்லே" என்றாள்.

மார்ச் 9, சனி

அஜ்ஜன் தேர். சிவராத்திரிக்கு மறுநாள் ஊரே மடத்தில்தான். எல்லாரும் தேர்மேல் வாழைப்பழமும் காய்ந்த பேரீச்சையும் எறிந்தார்கள். நானும் எறிந்தேன். அஜ்ஜா, உன் பேரை எடுக்கச் சொன்னதற்குக் கோபமா என்று மனதுக்குள் கேட்டேன். யார் எறிந்த பேரீச்சையோ என் நெற்றியில் பட்டது. ஸ்பூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பதில் சொல்லிட்டாரும்மா!"

வெளியே வரும்போது செருப்பு விடும் இடத்தில் மகாந்தேஷ் நின்றிருந்தான். நெற்றியில் விபூதி. எனக்காகத்தான் நின்றிருந்தான் போல.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்." செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த செவ்வாய்க்கு முந்தின ஞாயித்துக்கிழமையே, வெளிப்பக்கத்துலே யாரோ உள்ளே வந்து போன தடம் இருந்துச்சு. கவுண்டர் பேரு இல்ல. என் பேரு. பாஸ்வேர்டு அதேதான். நான் அன்னிக்கு தேவனகொப்பத்துலே கல்யாணத்துலே இருந்தேன். அழிக்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன். பார்த்துட்டு அழிச்சேன். நீங்க கை தூக்கினப்போ நான் வாயைத் திறக்கலை."

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்றுதான் இருந்தது. நாலு மாசம்டா! அந்தப் பெண் முகம் கண்ணுலேயே நின்னுதுடா! மனசுக்குள்ளேதான் கத்தினேன்.

"டாக்டர்கிட்டே நேத்து சொல்லிட்டேன்" என்றான். "என்ன ஆகும்னு தெரியலை."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். இவர் என் கையைப் பிடித்து, "வா, செருப்பு கிடைச்சிருச்சு" என்றார். வந்துவிட்டேன். மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் இன்று சாப்பிட்டேன், கோதுமையும் வெல்லமும் போட்ட கோதி ஹுக்கி இரண்டு தட்டு. தித்திப்பாக இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

பகல் முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 18, திங்கள்

மேகனா வகுப்பு நடுவில் என்னை வெளியே கூப்பிட்டாள். வகுப்பு போக அவள் வேலை செய்யும் கம்பெனிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதித்து அறிக்கை தரக் கேட்டு. அனுமதிக்கப்பட்டவர்கள் என்று மூன்று பெயர். மேகனா, அவள் கூட வேலை செய்யும் ஒருவன், மூன்றாவது கஸ்தூரி. இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். கீழே டாக்டர் இனாம்தார் கையெழுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கோணல் கையெழுத்து.

"மூணாவது பேரு நான் கேட்கலை அக்கா. அவரே எழுதியிருக்கார்" என்றாள்.

இனிஷியலைத் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்கச் சொன்னேன். தப்பான பெயருக்குக் கொடுத்த அனுமதி எனக்குக் கொடுத்தது ஆகாது. மேகனா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "இனிமே நான்தான் உங்களை மேடம்னு கூப்பிடணும்" என்றாள்.

மார்ச் 27, புதன்

திருத்திய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குப் போனேன். நீலவ்வா கும்பிடு போட்டாள்.

"வாடி மகராசி! எல்லாரும் உன்னைத்தான் திட்டுறாங்க. ஆளுக்கொரு பாஸ்வேர்டாம், பன்னெண்டு எழுத்தாம், சாமி பேரு கூடாதாம், புருஷன் பேரு கூடாதாம். லேப்காரன் காலையிலேர்ந்து மூணு தடவை மறந்துட்டான். ஆயா ஒருத்தி பாவம், சீட்டுலே எழுதி மங்களசூத்திரத்துலே முடிஞ்சு வச்சிருக்கா."

"சீட்டுலே எழுதக் கூடாதே!"

"நீயே போய் சொல்லு. கடிக்க வருவா."

சுவரில் கவுண்டருக்கு மேலே புதிதாக அஜ்ஜன் படம் மாட்டியிருந்தார்கள். பெரிய படம், சந்தன மாலை. பெயர் கம்ப்யூட்டரிலிருந்து போய் சுவருக்கு வந்துவிட்டது. மகாந்தேஷ் மூலையில் நின்றிருந்தான், இன்னும் அங்கேதான் வேலை. என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன்.

மேகனா கடிதத்தை மேசைமேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்து, "முதல் சோதனை உங்களோடது அக்கா" என்று நகர்ந்துகொண்டாள்.

என் பழைய நாற்காலி. உட்கார்ந்தேன். நேரத்தைக் குறித்துக்கொண்டேன், ஒன்பது ஐம்பத்திரண்டு. கவுண்டர் இரண்டு என்று அடித்தேன். கீழே அந்தச் சொல்லை அடித்தேன், ஏழாவது சொல்லை. இந்த முறை எண்டரைத் தட்டினேன்.

தவறான பாஸ்வேர்டு என்றது.

மறுபடி அடித்தேன். மறுபடி தவறு. மகாந்தேஷ் பெயரில் போட்டேன், தவறு. லேப், மருந்துக்கடை, வெளிப்பக்கம், ஒன்றிலும் உள்ளே விடவில்லை. அப்படியே அறிக்கையில் எழுதினேன்: "பழைய பாஸ்வேர்டு: உள்ளே போக முடியவில்லை."

"ஏன்டி அழுறே, போகலையா?" என்றாள் நீலவ்வா.

"போகலே" என்றேன்.